இன்ஜின் மூடிக்குப் புது போல்ட்: கேஸின் மரை கெடாமல் மாற்றும் முறை

பைக் இன்ஜினின் வலது பக்கம் கிளட்ச்சை மூடியிருக்கும் மூடி, இடது பக்கம் மேக்னட்டை மூடியிருக்கும் மூடி, அதற்குப் பின்னால் செயின் ஸ்பிராக்கெட்டை மறைக்கும் சின்ன மூடி. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இவற்றைப் பிடித்திருப்பவை எம் 6 போல்ட்டுகள். மரையின் வெளி விட்டம் 6 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர். பார்ப்பதற்கு எளிய வேலையாகத் தெரியும். ஆனால் பட்டறைக்கு வரும் இன்ஜின் கேஸ்களில் (மூடிகள் வந்து உட்காரும் இன்ஜினின் உடல்) கெட்டுப்போன மரைகள் அதிகம் இருப்பது இந்த 6 மில்லிமீட்டர் ஓட்டைகளில்தான்.

காரணம் ஒன்றே. போல்ட் எஃகு, அது இறங்குகிற கேஸ் அலுமினிய வார்ப்பு. இரண்டில் மென்மையானது அலுமினியம். நீளம் தவறினாலும், கோணலாக ஏற்றினாலும், ஒரு சுற்று கூடுதலாக முறுக்கினாலும் முதலில் பிய்ந்து வருவது கேஸின் மரைதான். போல்ட் போனால் தெருமுனைக் கடையில் இன்னொன்று கிடைக்கும். கேஸ் போனால் இன்ஜினை இறக்க வேண்டும். எனவே எந்த போல்ட், என்ன நீளம், எவ்வளவு முறுக்கு என்று எதை முடிவு செய்தாலும், கேஸின் மரை பிழைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் அளவு

ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் மூடியின் உருவத்தைப் பேனாவால் வரையுங்கள். போல்ட் இருக்கும் இடங்களில் எல்லாம் ஓட்டை போடுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே மூடியில் இரண்டு, மூன்று நீளங்கள் இருப்பது வழக்கம். கிளட்ச் கேபிள் தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட், ஒயர் கிளிப்பைப் பிடித்திருக்கும் போல்ட் இவையெல்லாம் மற்றவற்றைவிட நீளமாக இருக்கலாம். ஏதாவது ஒரு போல்ட்டின் கீழே மட்டும் செம்பு வாஷர் இருந்தால் அந்த ஓட்டை ஆயிலோடு தொடர்புள்ளது என்று பொருள். வாஷர் அந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், முடிந்தால் புதிதாக.

வெர்னியரால் நீளம் எடுக்கும்போது தலைக்குக் கீழிருந்து நுனி வரை மட்டும் அளக்க வேண்டும். மூடிக்குள் அமிழ்ந்து உட்காரும் கவுண்டர்சங்க் தலை மட்டும் விதிவிலக்கு. அதில் தலையையும் சேர்த்துத்தான் நீளம் சொல்வார்கள். பழைய போல்ட்டின் நீளத்தை மட்டும் நம்பவும் கூடாது. இதற்கு முன் கை வைத்தவர் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். ஓட்டையையே அளந்து பாருங்கள். வெர்னியரின் பின்புறம் நீளும் ஆழக்கம்பி அதற்காகத்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூடியில் போல்ட் கடக்கும் தடிமன் 22 மில்லிமீட்டர், கேஸில் ஓட்டையின் ஆழம் 16 மில்லிமீட்டர். 35 நீள போல்ட் போட்டால் 13 மில்லிமீட்டர் கேஸுக்குள் இறங்கும். அடியில் 3 மில்லிமீட்டர் மிச்சம். இது சரி. 40 போட்டால் 18 மில்லிமீட்டர் இறங்கப் பார்க்கும், அதற்கு இடமில்லை. நுனி அடியில் முட்டிக்கொள்ளும், தலை மூடியை அழுத்தாது. முறுக்கு ஏறுவது கையில் தெரிவதால் இறுகிவிட்டது என்று நினைப்போம், ஆயில் ஒழுகும். இன்னும் முறுக்கினால் மரையோ வார்ப்போ விட்டுவிடும். மறுபக்கம் 30 போட்டால் 8 மட்டுமே இறங்கும். அலுமினியத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது எம் 6-க்கு 9 மில்லிமீட்டர், இறங்கினால்தான் மரை தாங்கும். 12 இருந்தால் நிம்மதி. எல்லா ஓட்டையிலும் அடிவரை மரை இருக்காது, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் துளையாக இருக்கும். அதனால்தான் அந்த 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

சில ஓட்டைகள் மறுபக்கம் வரை திறந்திருக்கும். அங்கே நீளம் கூடினால் நுனி உள்ளே சுழலும் பாகத்தை உரசும். அப்படிப்பட்ட இடத்தில் பழைய அளவை ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாதீர்கள்.

வண்டியோடு வந்த போல்ட்டுகள் 22, 28, 32 போன்ற நீளங்களில் இருக்கலாம். ஹார்டுவேர் கடையில் 20, 25, 30, 35 என்றுதான் கிடைக்கும். 28-க்குப் பதில் 25 போட்டால் 9 மில்லிமீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் 30 வாங்கி 2 மில்லிமீட்டர் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு நட்டை மரையில் ஏற்றிவிட வேண்டும். வெட்டி, நுனியை அரத்தால் சரிவாக உரசிய பின் நட்டைக் கழற்றினால் அது வெளியே வரும்போதே பிசிறை வழித்துக்கொண்டு வரும். பிசிறோடு போல்ட்டை அலுமினியத்துக்குள் விடுவது மரைக்குள் கத்தி விடுவது மாதிரி.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அவற்றில் அங்குல மரைகள் உண்டு. பிஎஸ்எஃப் என்ற பிரிட்டிஷ் வகைக் கால் அங்குல மரையில் அங்குலத்துக்கு 26 மரை, இடைவெளி 0.977 மில்லிமீட்டர். எம் 6-இன் 1 மில்லிமீட்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் விட்டம் 6.35. அதனால் எம் 6 போல்ட் அந்த ஓட்டையில் இலகுவாக, லேசாக ஆடிக்கொண்டே இறங்கும். பொருந்திவிட்டது என்று முறுக்கினால் மரையின் நுனிகளை மட்டும் பிடித்துக்கொண்டு இழுத்து, எல்லாவற்றையும் வழித்துவிடும். பாதி இறங்கிய போல்ட் பக்கவாட்டில் ஆடினால் அது உங்கள் போல்ட் இல்லை.

எந்தத் தலை

ஆறு பட்டைத் தலையோடு அடியில் அகன்ற தட்டு சேர்ந்த ஃபிளேஞ்ச் போல்ட்தான் இந்த வேலைக்குப் பொருத்தமானது. எட்டாம் நம்பர் ஸ்பேனர் போடலாம், தட்டு அகலமாக இருப்பதால் மூடியின் அலுமினியத்தில் அமிழாது, வாஷர் வேண்டாம். வண்டியோடு அது வந்திருந்தால் அதையே திரும்பப் போடுங்கள்.

தலையில் ஆறு பட்டைக் குழி உள்ள ஆலன் போல்ட் அழகாக இருக்கும் என்று பலரும் மாறுகிறார்கள். தவறில்லை. எம் 6 உருளைத் தலைக்கு 5 மில்லிமீட்டர் ஆலன் கீ நன்றாகப் பிடிக்கும். ஆனால் தலையின் அகலம் 10 மில்லிமீட்டர்தான். கீழே வாஷர் தேவைப்படும். வாஷரின் தடிமன் 1.6 மில்லிமீட்டர், அதை மேலே சொன்ன நீளக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற பட்டன் தலை எம் 6-க்கு 4 மில்லிமீட்டர் கீதான் நுழையும். இறுகினால் குழி சீக்கிரம் உருண்டுவிடும். இன்ஜின் மூடிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, நம் கோவைப் பக்கத்துக்கே உரியது. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் பறக்கும் புழுதி ஆலன் தலையின் குழியில் போய் அடையும். வாட்டர் சர்வீஸில் அடிப்பது பெரும்பாலும் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர். குழியில் நின்ற தண்ணீர் காய்ந்து உப்பு படியும், அடுத்த மழையில் மறுபடி ஊறும். இரண்டு வருடம் கழித்துக் கழற்றப் போனால் ஆலன் கீ பாதி ஆழம்தான் இறங்கும், குழி உருண்டுவிடும். கீயைப் போடும் முன் ஒவ்வொரு குழியையும் ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யுங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் மூடியைப் பிடித்திருப்பது கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ. அது நாம் கடையில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் வகை இல்லை. ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய வகை. பலவற்றின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் மேலே ஏறி நழுவும். ஜேஐஎஸ் மூன்றாம் நம்பர் முனையோடு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இருந்தால் அந்தத் தலைகள் பெரும்பாலும் கெடாமல் வந்துவிடும். ஆர்எக்ஸ் மூடிகளை ஆலனுக்கு மாற்றுவது உண்மையிலேயே பயனுள்ள மாற்றம்.

எந்த உலோகம்

தலையில் 8.8 என்ற வலிமை எண் பொறித்த, ஜிங்க் பூசிய எஃகு போல்ட் போதும். போதும் மட்டுமல்ல, அதுதான் சரியானது. ஜிங்க் பூச்சு ஈரத்தில் முதலில் தான் கரைந்து எஃகையும் அலுமினியத்தையும் விட்டுவைக்கும். எந்த எண்ணும் இல்லாத தலையை வாங்காதீர்கள்.

12.9 என்ற கறுப்பு ஆலன் போல்ட்டை “ஸ்ட்ராங்” என்று கடையில் தருவார்கள். அந்த வலிமை இங்கே ஒன்றுக்கும் உதவாது; பெரும்பாலும் 8.8 அறுவதற்கு முன்பே கேஸின் மரை போய்விடும். கறுப்பு என்பது எண்ணெய் தடவிய மெல்லிய ஆக்சைடு படலம்தான், ஒரு மழைக்காலத்தில் துரு வந்துவிடும். துரு வருகிறதே என்று அதைப் பிளேட்டிங் பட்டறையில் கொடுத்து ஜிங்க் போட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கோவையில் பிளேட்டிங் போட இடம் தேட வேண்டியதில்லை என்பதால் இந்த யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். அமிலத்திலும் மின்பூச்சிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அவ்வளவு கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பூச்சு போட்டதும் அடுப்பில் மணிக்கணக்காகச் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால், மாட்டிய சில நாட்களில் தலை தானாகவே துண்டாகி விழலாம். 8.8-க்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏ2-70 அல்லது ஏ4-70 என்று இருக்கும். துரு பிடிக்காது. ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். மரைக்குள் வெள்ளைப் பொடி உண்டாகி, அது உப்பி, போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். போடுவதாக இருந்தால் மரையில், அது கவ்விக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். வருடம் ஒரு முறை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி தடவுங்கள். அதைச் செய்ய நேரம் இல்லாதவர் ஜிங்க் பூசிய 8.8-ஓடு இருப்பதே நல்லது. நீலம், சிவப்பு, தங்க நிறத்தில் வரும் அலுமினிய போல்ட்டுகளை இன்ஜின் மூடியில் போடவே வேண்டாம்.

கடையில் கேட்பது எப்படி என்று தயங்க வேண்டாம். “அண்ணா, ஆறு எம்எம் ஃபிளேஞ்ச் போல்ட் வேணுங்க. எட்டாம் நம்பர் ஸ்பேனர் தலை, முப்பத்தஞ்சு நீளம், எட்டு புள்ளி எட்டு, ஜிங்க் போட்டது” என்றால் போதும். பழைய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கழற்றுவது

துரு ஏறிய போல்ட்டை மாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஒன்றைக் கழற்றி, ஓட்டையைச் சுத்தம் செய்து, புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மூடிக்கும் கேஸுக்கும் இடையில் இருக்கும் பேக்கிங் அசையாது, ஆயிலையும் இறக்க வேண்டாம். கிளட்ச் பக்கம் வேலை செய்யும்போது வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்த்தே வைத்தால் வலது மூடியில் ஆயில் ஏறி நிற்காது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

மூடியையே திறப்பதாக இருந்தால் ஆயிலை இறக்கிவிடுங்கள், புது பேக்கிங் கையில் இருக்கட்டும். போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எல்லாவற்றையும் எதிரெதிராகக் கால் சுற்று தளர்த்திய பிறகு கழற்றுங்கள். மூடியும் கேஸும் சேருமிடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவே கூடாது. அந்தக் கீறல் வழியாகத்தான் பிறகு ஆயில் வரும். ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் விட்டுவிடும். உள்ளே, மூடியைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் இருக்கும். ஒன்று மூடியோடும் ஒன்று கேஸோடும் ஒட்டிக்கொண்டு வரும், தொலைத்துவிடாதீர்கள். காயில் மூடியிலேயே பொருத்தப்பட்ட மேக்னட் மூடிகளைக் காந்தம் வெடுக்கென்று உள்ளே இழுக்கும். விரலை இடையில் வைக்காதீர்கள்.

வராத போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் போல்ட்டின் தலை மேல் சுத்தியலால் நேராக நான்கு அடி கொடுங்கள்; மரையில் ஒட்டியிருப்பது அதிர்ச்சியில் விடும். பிறகு கேஸைச் சூடேற்றுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். ஹீட் கன் போதும். பெட்ரோல் டேங்கும் ஆயிலும் பக்கத்தில் இருக்கும்போது தீச்சுடர் வேண்டாம்.

தலை முழுக்க உருண்டுவிட்டதா? 6 அல்லது 6.5 மில்லிமீட்டர் பிட்டால் தலையின் நடுவில் துளையிடுங்கள். தலை மட்டும் மோதிரம் போலக் கழன்று வரும். அழுத்தம் போய்விடுவதால் மூடியை எடுத்ததும் எஞ்சிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பல நேரம் அது விரலாலேயே வந்துவிடும், வராவிட்டால் வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்புங்கள். தண்டு கேஸுக்குள்ளேயே அறுந்திருந்தால் அறுந்த தண்டை வெளியே எடுக்கக் கடையில் விற்கும் எக்ஸ்ட்ராக்டரை முறுக்கி உடைத்துவிடாதீர்கள். அதன் எஃகு கடினம், உள்ளே உடைந்தால் எந்த பிட்டும் அதில் இறங்காது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கும் லேத் பட்டறைகளில் கேஸை மிஷினில் கட்டி நடுவில் சரியாகத் துளையிட்டுத் தருவார்கள். உடைந்த எக்ஸ்ட்ராக்டரே உள்ளே இருந்தால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் ஈரோஷன் மிஷின் வைத்திருக்கும் டூல் ரூமைத் தேட வேண்டியதுதான்.

மாட்டுவது

பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். உளி வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். தாளின் துகள் இன்ஜினுக்குள் போகும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. ஒவ்வொரு ஓட்டையிலும் பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதிக் காய வையுங்கள்; கண்ணைக் காத்துக்கொண்டு ஊதுங்கள். அடியில் ஆயில் தேங்கிய மூடிய ஓட்டைக்குள் போல்ட்டை இறக்கினால் அந்த ஆயிலுக்குப் போக இடமில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி போல அழுத்தம் ஏறி ஓட்டையைச் சுற்றியுள்ள வார்ப்பு விரிசல் விடும். மரையில் அழுக்கு இருந்தால் மரை வெட்டும் டேப் விட்டு அலுமினியத்தைச் சீவாதீர்கள். பழைய எம் 6 போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் அரத்தால் ஒரு காடி வெட்டிப் பிசிறெடுத்து, அதைக் கையால் ஏற்றி இறக்கினால் அழுக்கு காடியில் சேர்ந்து வந்துவிடும்.

டவல் பின்களை வைத்து, பேக்கிங்கை உலர்வாகவே வையுங்கள். சிலிக்கான் பசையைத் தாராளமாகத் தடவினால் பாதி உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் வலையை அடைக்கும். மூடி கை அழுத்தத்திலேயே முழுதாக உட்கார வேண்டும். உட்காராத மூடியைப் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். உள்ளே கியரோ, கிக்கர் தண்டோ, பின்னோ சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு போல்ட்டையும் ஓட்டையில் வைத்து, முதலில் பின்பக்கமாக, கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். மரை மரையில் விழும்போது சின்னதாக “டிக்” என்று கையில் தெரியும். அங்கிருந்து முன்னால் சுற்றுங்கள். விரலால் குறைந்தது நான்கு சுற்று சுலபமாகப் போக வேண்டும். எல்லாம் விரலால் இறங்கிய பிறகு, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, முதல் சுற்றில் 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 10. எம் 6-க்கு அலுமினியத்தில் 10 என்பதுதான் பொது அளவு; உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மரையில் ஆன்டி சீஸோ ஆயிலோ இருந்தால் உராய்வு குறைவதால் அதே முறுக்கில் போல்ட் அதிகம் இழுபடும், 8-லேயே நிறுத்துங்கள். மரைப்பசை இங்கே தேவையில்லை.

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சாக்கெட் கைப்பிடியில் போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 20 சென்டிமீட்டரில் ஒரு குறி போட்டு, அங்கே பை எடை பார்க்கும் தொங்கு தராசைக் கொக்கி மாட்டி, கைப்பிடிக்குச் செங்கோணத்தில் இழுங்கள். தராசு 5 கிலோ காட்டும்போது 10 நியூட்டன் மீட்டர். ஓரிரு போல்ட்டுக்கு இதைச் செய்தால் கைக்கு அந்த அளவு பழகிவிடும். நாம் நினைப்பதைவிட அது மிகவும் குறைவு.

மரை போயிருந்தால்

முறுக்க முறுக்க இறுகாமல் திடீரென்று இலகுவாகிவிட்டால் உடனே நிறுத்துங்கள். மரைக்கு நூல் சுற்றுவது, எம்-சீல் வைப்பது எதுவும் நிற்காது. எம் 8-க்குப் பெரிதாக்குவதும் சரியில்லை. சுற்றியுள்ள சுவர் மெலிந்துவிடும். ஓட்டைக்குப் புது மரை தரும் எஃகுக் கம்பிச் சுருளான ஹெலிகாயில்தான் தீர்வு. 6.3 மில்லிமீட்டர் பிட்டால் துளையை நேராகப் பெரிதாக்கி, அந்த செட்டோடு வரும் டேப்பால் மரை வெட்டி, 9 மில்லிமீட்டர் நீளச் சுருளை மேற்பரப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று வரை இறக்க வேண்டும். பிறகு அடியில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே விட்டுவிடக் கூடாது. துளையிடும்போது கிளட்ச் பக்கம் முழுவதையும் துணியால் மூடி, பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். துளை கோணலானால் மூடி உட்காராது. கையில் டிரில் நேராக நிற்காது என்று தோன்றினால் லேத் பட்டறையில் கொடுங்கள். சரியாகப் போட்ட ஹெலிகாயில் எஃகுச் சுருள் என்பதால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

கடைசியாக ஆயிலை அளவு பார்த்து ஊற்றி, மூடி சேரும் கோட்டை நன்றாகத் துடைத்து, அதன் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் கறுத்திருக்கும். அதில் மிக மேலே இருக்கும் புள்ளிதான் ஊற்று. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் அதே 10 நியூட்டன் மீட்டரில் ஒரு முறை சரிபாருங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால் மேலும் முறுக்காதீர்கள். அந்த இடத்து போல்ட்டைக் கழற்றி நுனியைப் பாருங்கள். நுனியில் புதிதாக முட்டிய பளபளப்பு இருந்தால் அது அடியில் இடிக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.